டார்ச் சீக்கிரம் அணையட்டும்

அமிர்தராஜ் அண்ணன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "நல்லா இருக்கீங்களா?" என்பார். கல்யாண வீடானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, இந்த வரிசை மாறாது. இருபத்தாறு வருஷமாகக் கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக இருப்பவருக்கு மூக்கு அப்படித்தான் பழகிவிடும் போலிருக்கிறது.

காட்டூரில் அவருடைய வீட்டு மாடியில் நான் ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். கீழே அவரும் அவர் மனைவி பாக்கியமேரி அக்காவும். நான் துறையூர்க்காரி, பெயர் பவித்ரா. ஒரு கல்லூரியில் பௌதிக லேபில் உதவியாளராக இருக்கிறேன். மாணவிகளுக்குத் தராசு எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் உடைத்ததை ஒட்டவைப்பதும், ரீடிங்கை மாற்றி எழுதினால் சத்தம் போடுவதும் என் வேலை. அண்ணனுக்கு நான் "டீச்சர்". நான் டீச்சர் இல்லை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "லேப்ல இருந்தா டீச்சர்தானே" என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அவருடைய வேலையில் பாதி, வீடு வீடாகப் போய்ச் சோதனை செய்வது. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஓடுகிற ரப்பர் டியூப் எந்த மாதம், எந்த வருஷம் வரைக்கும் செல்லும் என்று அதன் மேலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதை வாசிக்க வேண்டும். டியூப் வளைகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஊரில் உள்ள எல்லாச் சிலிண்டர்களும் சமையல் மேடைக்குக் கீழேதான் இருக்கின்றன. பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. வெங்காயக் கூடை, காது போன குக்கர், என்றோ வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக் கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். அவருக்கு ஸ்பேனரைவிட டார்ச்தான் முக்கியம்.

விரல் நீள டார்ச் அது. ரிமோட்டில் போடுகிற மாதிரி சின்ன செல் மூன்று பிடிக்கும். காலையில் முதல் வீட்டில் அதை எரியவிட்டால், வேலை முடியும் வரை அணைக்க மாட்டார். அதன் சுவிட்ச் கொஞ்சம் மக்கர். "அணைச்சா மறுபடி எரியுமோ எரியாதோ, எதுக்கு வம்பு?" என்பார். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது அது சட்டைப் பையில் எரிந்துகொண்டே போகும். இந்த லட்சணத்தில் பழைய செல் எத்தனை நாள் தாங்கும்? தீர்ந்த செல்களை மாடிச் சுவர்மேல் வரிசையாக வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார். என் துணிகளுக்குப் பக்கத்தில் அவையும் காயும்.

போன புது வருஷத்தில்தான், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக் பாய் அவரிடம் ரீசார்ஜ் செல் நாலும் ஒரு சார்ஜரும் கொடுத்தார். "அஞ்சு மணி நேரம் அசராம எரியும்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தார். மாடிச் சுவர் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கியமேரி அக்கா மாடிக்கு வந்தார். சும்மா வந்தால்கூட ஒரு கிண்ணத்தில் எதையாவது கொண்டுவருவார். அன்று வெறுங்கையோடு வந்து நின்றார்.

"பவித்ரா, இவரு வேலைய விட்டுடப் போறேங்கிறாரு."

"ஏன்க்கா? யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா தட்டுல வச்ச சோறு அப்படியே இருக்கு. கேட்டா, கண்ணு போச்சு பாக்கியம்ங்கிறாரு."

அக்காவுக்குச் சொல்லும்போதே குரல் உடைந்தது. எனக்கு அண்ணனுடைய அம்மா ஞாபகம் வந்தது. அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கதை இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் கண்ணில் பிரஷர் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கடைசிப் பன்னிரண்டு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். கீழ்வீட்டுக் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் அவர் கை பட்டுப் பட்டு விழுந்த ஒரு பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் அதை மட்டும் விட்டுவிடச் சொல்வார் அண்ணன். அண்ணனுக்கும் இந்த வருஷம் ஐம்பத்து மூன்று.

நான் கீழே போனேன். நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, என்னமோ சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"நான் டீச்சர் இல்லண்ணே."

வழக்கமான சிரிப்பு வரவில்லை. தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"புதன்கிழமை சீரங்கத்துல உத்தர வீதிப் பக்கம் வேலை. பதினொண்ணே முக்கால் இருக்கும். குமுதவல்லி மாமின்னு ஒருத்தங்க. எழுபத்தஞ்சு வயசு. அந்த வீட்டுல சமைக்கிற நேரத்துல யாரும் உள்ள போகக் கூடாது. சமைச்ச தளிகைய இன்னும் பெருமாளுக்குக் காட்டலை, படி தாண்டாதீங்கன்னுட்டாங்க. அது எனக்குப் பழக்கந்தான். படியிலயே குப்புறப் படுத்து, கைய நீட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நாலடி தூரந்தான் இருக்கும். டியூப் தெரியுது, எழுத்து தெரியல. கண்ணைக் கசக்கிட்டுப் பார்க்கிறேன். ஒண்ணுந் தெரியல. அந்த அம்மா அடுப்புப் பக்கத்துல நின்னு குனிஞ்சு பாத்துட்டு, 'இருபத்தேழு வரைக்கும் இருக்கே'ன்னு சொல்றாங்க. எழுபத்தஞ்சு வயசு, டீச்சர்! அவங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெட்கமாப் போச்சு. அவங்க சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன். இருபத்தாறு வருஷத்துல பாக்காம சரின்னு எழுதினது அந்த ஒரு வீடுதான். வியாழக்கிழமையும் அதேதான், மத்தியானம் ஆச்சுன்னா எழுத்தெல்லாம் கலங்குது. காலையில நல்லாத் தெரியுது. எங்கம்மாவும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க, காலையில தெரியுதுடா, போகப் போகத் தெரியலைன்னு."

"கண் டாக்டர்கிட்ட போனீங்களா?"

"வேணாம். போனா சொல்லிடுவாங்க."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. எரிச்சல் வரும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது எரிச்சல் வரவில்லை. அதனால் வேறு வழியில் போனேன்.

"அண்ணே, இதுல சந்தேகப்பட வேண்டியவங்க ரெண்டு பேரு. ஒண்ணு உங்க கண்ணு, இன்னொண்ணு உங்க டார்ச்சு. கண்ண அப்புறம் பார்ப்போம். முதல்ல டார்ச்சக் கூப்பிட்டு விசாரிப்போம்."

"டார்ச்சு மேல ஒண்ணுமில்ல டீச்சர். தினம் சார்ஜ் போட்டு, பச்சை லைட்டு வந்தப்புறந்தான் எடுத்துட்டுப் போறேன்" என்று அதை எரியவிட்டுக் காட்டினார். பளிச்சென்று கூரையில் வட்டம் விழுந்தது. இப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்த செல் போட்ட டார்ச் பளிச்சென்றுதானே எரியும்? "மத்தியானம் எப்படி எரியுதுன்னு பார்த்திருக்கீங்களா?" என்றேன். கண்ணைச் சோதிப்பதைவிட டார்ச்சைச் சோதிப்பது அவருக்குப் பயம் குறைந்த காரியமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்.

லேபில் இருக்கிறவள் செய்தால் லேப் மாதிரிதான் செய்வாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சாமான் அறை உண்டு. கதவைச் சாத்தினால் உச்சிவெயிலிலும் கும்மிருட்டு. அதன் ஒரு பக்கச் சுவரில் ஆணி அடித்தேன். எதிரே நாலடி தூரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அண்ணன் வீடுகளில் கழற்றி வந்த பழைய டியூப் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாதம், வேறு வேறு வருஷம். பாக்கியமேரி அக்கா கால் மணிக்கு ஒரு தடவை ஒரு துண்டை எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். நானும் அண்ணனும் தனித்தனியாக உள்ளே போய், கோட்டில் நின்று, எரிகிற டார்ச்சை அடித்து, தெரிந்ததைச் சீட்டில் எழுத வேண்டும். ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. டார்ச்சை நடுவில் அணைக்கக் கூடாது.

கணக்கு இதுதான். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் போனால், பழி கண்மேல். இரண்டு பேருக்கும் தெரியாமல் போனால், பழி டார்ச்மேல். அஞ்சு மணி நேரம் எரியும் என்று சொல்லி வாங்கிய செல் சொன்னபடி தாங்கிவிட்டால் எங்களுக்குத்தான் கெட்ட காலம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு ஆரம்பித்தோம். நேரம் பார்க்க அக்கா மாதா படத்துக்கு முன்னால் இருந்த சின்ன டைம்பீஸைக் கொண்டுவந்து படியில் வைத்தார். குருத்து ஞாயிறன்று காலையில் நின்றுபோய், அவரைப் பவனிக்குப் போகவிடாமல் தூங்கவைத்த டைம்பீஸ் அது. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை. "இப்ப ஒழுங்கா ஓடுது" என்று அதன் தலையில் லேசாகத் தட்டினார். ஒன்பதரைக்கு டார்ச் எரிந்தது.

பத்தேகால் வரைக்கும் இருவர் சீட்டும் ஒன்றாகவே இருந்தன. அண்ணன் தன் பழைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனார், சரியாகவே எழுதினார். அவர் உள்ளே இருக்கும்போது அக்கா என் காதருகே வந்தார்.

"பவித்ரா, டார்ச் சீக்கிரம் அணையட்டும்னு அந்தோணியார்கிட்ட வேண்டிக்கிட்டேன். தப்பா?"

"தப்பில்லக்கா. நல்லா வேண்டிக்கோங்க."

"அவரு காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்கறவரு. இதெல்லாம் செய்வாரான்னு தெரியல."

பத்தரை, பத்தேமுக்கால். இரண்டும் சரி. சமையலறையில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பதினொன்று. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். வெளிச்சம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு வாசித்தேன். ஆகஸ்ட் 2021. எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் உள்ளே போனார். வர நேரமானது. வந்து சீட்டைக் கொடுத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அப்போது என் கையில் இருந்த சீட்டை மாற்றி எழுதிவிடலாமா என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. பத்து வருஷமாகப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறேனே, அந்தக் காரியத்தை. ஒரு சீட்டைக் கசக்கிவிட்டு "எனக்கும் தெரியலண்ணே" என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு நிஜமாகவே கண் போய்க்கொண்டிருந்தால்? சீட்டைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். மடித்தார். பையில் வைத்துக்கொண்டார். "சரி டீச்சர், போதும்" என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். அடிப்பிடித்த வாசனை அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"போதாது. இன்னும் டார்ச்சு எரியுது. ஆரம்பிச்சா முடிக்கணும்" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டது பயத்தினால்தான். பதினொன்றே காலுக்கு நானே ஒரு துண்டை, பார்க்காமல் சாக்கிலிருந்து உருவி, தடவித் தடவி ஆணியில் மாட்டிவிட்டு, பின்னால் வந்து கோட்டில் நின்று டார்ச்சை அடித்தேன்.

டியூப் தெரிந்தது. ஆரஞ்சு நிறம் என்றுகூடச் சொல்ல முடிந்தது. அதன் மேல் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. கண்ணைக் கசக்கினேன். தலையைச் சாய்த்தேன். தெரியவில்லை. பரீட்சையில் தோற்று இப்படி யாராவது சந்தோஷப்பட்டிருப்பார்களா என்று தெரியாது.

"அண்ணே! எனக்கும் தெரியல! வாங்க, வந்து பாருங்க!"

அவர் நம்பவில்லை. நான் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். உள்ளே இழுத்து வந்து, "வெளிச்சம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அங்கேதான் விஷயம். வெளிச்சம் ஒரேயடியாக அணைந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போது கண்ணும் கூடவே இறங்கிப் பழகிக்கொள்கிறது. நான் என் போன் விளக்கை எரியவிட்டேன். அதற்குப் பக்கத்தில் அந்த டார்ச் வெளிச்சம் சுவரில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. போன் வெளிச்சத்தில் அவர் டியூபைப் பார்த்தார். கோட்டில் நின்றபடியே, மூச்சுவிடாமல், "நவம்பர் இருபத்துநாலு" என்று வாசித்தார். பிறகு திரும்ப ஒரு தடவை வாசித்தார். பிறகு சத்தமாக, "பாக்கியம், நவம்பர் இருபத்துநாலு!" என்றார்.

அக்கா கரண்டியோடு ஓடிவந்தார். என்ன நடந்தது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கரண்டியைப் படியில் போட்டுவிட்டு அழுதார்.

கால் மணி முன்னதாகத் தனக்குத் தெரியாமல் போனதற்கு என்ன சொல்வது என்று அண்ணன் கேட்டார். "எனக்கு முப்பத்து நாலு, உங்களுக்கு ஐம்பத்து மூணு. அந்தக் கண்ணாடி எப்ப மாத்துனது?" என்றேன். எட்டு வருஷம் இருக்குமாம்.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தியது. ஜெகபர் சாதிக் பாய் அஞ்சு மணி நேரம் என்றார். ஒண்ணேமுக்கால் மணியில் படுத்துவிட்டதே, இவ்வளவா பொய் சொல்வார்? சார்ஜரைக் கொண்டுவரச் சொன்னேன். நாலு குழி. அண்ணன் டார்ச்சிலிருந்த மூன்று செல்லையும் எடுத்து அதில் வைத்தார். நாலாவது குழி காலி.

"நாலு செல் வாங்குனீங்கல்ல? இன்னொண்ணு எங்க?"

"அது சும்மா கெடந்துச்சு. முன்னெல்லாம் அதையும் சேர்த்துப் போட்டுச் சார்ஜ் பண்ணுவேன். இப்ப எங்கன்னு தெரியல."

பாக்கியமேரி அக்கா அழுகையை நிறுத்தினார். மெதுவாகத் தலையைத் திருப்பி, படியில் ஓடிக்கொண்டிருந்த டைம்பீஸைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம்.

"சும்மாதானே கெடந்துச்சு" என்றார் அக்கா. "பவனிக்குப் போகமுடியலன்னு ஆத்திரத்துல, மறுநாளே எடுத்துப் போட்டேன்."

சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில், இரண்டு அல்லது நான்கு செல் மட்டுமே போட வேண்டும் என்று இருந்தது. அந்த மாதிரி மலிவுச் சார்ஜர்கள் ஜோடி ஜோடியாகத்தான் சார்ஜ் ஏற்றும். ஜோடி இல்லாத மூன்றாவது செல் சும்மா படுத்துக் கிடக்கும். முதல் ஜோடி நிறைந்ததும் பச்சை விளக்கு வந்துவிடும். அண்ணன் மூன்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். தினம் எது மூன்றாவதாகக் கிடந்ததோ அதற்கு அன்று பட்டினி. ஒன்று சோர்ந்தால் மற்ற இரண்டும் என்ன செய்யும்?

இதைச் சொல்லி முடித்தபோது, அண்ணன் டைம்பீஸைக் கையில் எடுத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இத வச்சுத்தான் மணி பார்த்தோமா நாம?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடிப்பிடித்த கறிக்குழம்பை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அவர் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அண்ணன் லீவு போட்டுவிட்டு, நாலு செல்லையும் ஜோடியாகச் சார்ஜ் ஏற்றி, அக்காவோடு சேர்ந்து திரும்ப ஒரு தடவை சோதித்தார். நான் கல்லூரியில் இருந்தேன். அக்கா மணிக்கு ஒரு தடவை போன் செய்து, "இன்னும் வாசிக்கிறாரு பவித்ரா" என்றார். நாலே முக்கால் மணி நேரம் எரிந்தது. பாய் சொன்னதில் கால் மணிதான் பொய்.

சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் தன் சோதனைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் மறுபடி வாடியிருந்தது.

"டீச்சர், குருத்து ஞாயிறுக்கு அப்புறம், பதினொரு மணிக்கு மேல நான் பார்த்த வீடு எத்தனை தெரியுமா? பத்தொன்பது. எல்லாத்தையும் மங்குன டார்ச்சுலதான் பார்த்திருக்கேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு அவர் கண்ணைப் பற்றிய கவலை தீர்ந்தது, அத்தோடு கதை முடிந்தது. அவருக்கு முடியவில்லை. மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அந்த வீடுகளுக்குப் போனார். "போன தடவை டார்ச்சு சரியில்லம்மா, ஒரு தடவை பார்த்துடறேன்" என்று கேட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பதினெட்டு வீடும் நன்றாக இருந்தன. சனிக்கிழமை காலை ஒன்று மட்டும் பாக்கி. அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு, வெட்கத்தில் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்த வீடு.

நானும் வருகிறேன் என்றேன். எழுபத்தைந்து வயதில் இருட்டில் எறும்பு எழுத்தை வாசிக்கிற மாமியை எனக்கு நேரில் பார்க்க வேண்டும்.

குமுதவல்லி மாமி ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருந்தார். நாங்கள் போனபோதும் சமையல் நடந்துகொண்டிருந்தது. "வாங்கோ, ஆனா படி தாண்டாதேள். பெருமாள் இன்னும் தளிகை கண்டருளலை" என்றார். அண்ணன் பழக்கப்பட்டவர், படியில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். டார்ச் பளீரென்று எரிந்தது. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நான் நின்றேன். அவர் டார்ச்சை நகர்த்தி நகர்த்தி அடித்தார்.

"மாமி, அடுப்ப அணைச்சுட்டு சிலிண்டர மூடிடுங்க" என்றார்.

"ஏன்? என்ன?"

"டியூபு மே மாசம் இருபத்துமூணோட முடிஞ்சிருச்சு. வளைவுல வெடிப்பும் இருக்கு."

மாமி பதறிப்போய் இரண்டையும் மூடினார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "மாமி, நீங்கதானே அன்னிக்கு இருபத்தேழுன்னு வாசிச்சீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நான் எங்கே வாசிச்சேன்?" என்றார் மாமி. "முன்னே ஒருத்தர் வந்தாரே, அவர் இருபத்தேழு வரைக்கும் கவலையில்லைன்னார். அடுப்பைச் சொன்னாரோ எதைச் சொன்னாரோ, அதைச் சொன்னேன். அடுப்புல சாத்தமுது பொங்கிண்டிருந்தது, நீங்க கிளம்பினாப் போறும்னு இருந்தது நேக்கு. என் கண்ணுக்கு அந்த எழுத்தெல்லாம் எங்கே தெரியறது? எதிர் ஆத்துக்காரி முகமே கிட்ட வந்தாத்தான் தெரியறது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த மாமியின் கண்ணோடு தன் கண்ணை ஒப்பிட்டுத்தான் இந்த மனுஷன் இரண்டு நாள் பட்டினி கிடந்தார். சிரிப்பு எனக்குத்தான் முதலில் வந்தது. அவருக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. தளிகை ஏறக்குறைய முடிந்திருந்ததால், பெருமாளுக்குக் காட்டி முடிக்கட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தோம். பிறகு மாமியே, "இப்ப வாங்கோ" என்று கூப்பிட்டார். உள்ளே போய்ப் புது டியூப் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்து, வருஷத்தை விரலால் தொட்டுப் பார்த்து எழுதினார். பழைய டியூபை வளைத்துக் காட்டியபோது வெடிப்பு வாயைத் திறந்தது. மாமி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் எங்கள் இருவருக்கும் தொன்னையில் தயிர்சாதம் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் வண்டியை எடுக்காமல் நின்றார்.

"டீச்சர், கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இப்ப எதுக்குண்ணே? அதான் டார்ச்சுன்னு தெரிஞ்சு போச்சே?"

"டார்ச்சு கெட்டுப் போயிருந்துச்சு, அது வேற. கண்ணு நல்லா இருக்குன்னு யாரு பார்த்தா? மாமி சொன்னத நம்பி எழுதினேன், என்ன ஆயிருக்கும்னு பார்த்தீங்கல்ல. பாக்காம சரின்னு எழுதக் கூடாது."

அக்காவையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போனோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கன்னத்தை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, இருட்டு அறையில் ஒரு சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார் டாக்டர். இளம்பெண். அண்ணன் பயத்தில் பேசாமல் இருப்பார் என்று நினைத்தேன். "டாக்டர், இதுல எத்தனை செல்லுங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிரஷர் சரியாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, கண்ணாடியின் பவர் மட்டும் மாற வேண்டும் என்றார். அம்மாவுக்கு இருந்ததால் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், முன்கூட்டியே கண்டுபிடித்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தி வைக்க முடியும் என்றும் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அக்கா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவ நாங்க கூட்டிட்டே வரல" என்றார். "போனா சொல்லிடுவாங்கன்னு அவங்க பயந்தாங்க. நாங்களும் அப்படியே விட்டுட்டோம். கடைசியில ஒண்ணுமே தெரியாமப் போனப்பறந்தான் வந்தோம். ஒரு சொட்டு மருந்துதானாம் டீச்சர்."

அக்கா, "நீங்க வந்துட்டீங்கல்ல, எந்திரிங்க" என்றார். எழுந்தார். படியிறங்கி வெளியே வந்தால் நல்ல மத்தியான வெயில். சொட்டு மருந்து விட்ட கண், வெயிலைத் தாங்கவில்லை. இரண்டு கையையும் நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டு, தண்ணீர் வழிய வழிய, "யப்பா, எவ்வளவு வெளிச்சம் டீச்சர்!" என்றார். நான் ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.